பழைய கியர் சைக்கிளை இலகுவாக்கலாமா? செலவும் பயனும்

வாடிக்கையாளர் வீட்டுக்குச் சரக்கு அனுப்பவும், வசூலுக்குப் போய்வரவும் இன்றும் பல கடைகளில் சைக்கிள்தான் கைகொடுக்கிறது. பிள்ளைகள் கல்லூரிக்கு ஓட்டிய ஹைபிரிட் ரக கியர் சைக்கிள்களும் இவ்வேலைக்கு வந்துள்ளன. பழைய மலிவு ரகங்களில் இரும்புப் பாகங்கள் அதிகம். எடை 15, 16 கிலோ வரும். அவற்றில் புதிய இலகு பாகங்களைப் போடுவது லாபமா என்று பார்ப்போம்.

முதலில் கணக்கு. ஓட்டுபவர் 65 கிலோ, சைக்கிள் 16 கிலோ, சரக்கு 15 கிலோ. ஆக மொத்தம் 96 கிலோ. இதில் 2 கிலோ குறைத்தால் மேடு ஏறும் சிரமம் சுமார் 2 சதவீதமே குறையும். ஆகவே எடைக்காக மட்டும் பணம் போடுவது வீண். தேய்ந்துபோன பாகத்தை மாற்றும் சமயத்தில் இலகுவானதாகப் பார்த்து வாங்குவதே சரியான வழி.

டயர்: முதல் செலவு இதற்கே. விளிம்புக் கம்பிக்குப் பதில் நார் வைத்த, மடிக்கக்கூடிய டயர்களில் ஒன்றுக்கு 200 கிராம் வரை மிச்சமாகும். சக்கர விளிம்பில் உள்ள எடை, வண்டியைக் கிளப்பும்போது ஏறத்தாழ இரு மடங்காக உழைப்பை வாங்கும். டயரின் பக்கவாட்டில் 38-622 போன்ற எண் இருக்கும். பின்னுள்ள 622 ரிம் அளவு, அது மாறக்கூடாது.

ரிம்: இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது. அலுமினிய ரிம் இலகுவானது என்பதைவிட, நன்றாக நிற்கும் என்பதே முக்கியம். கடைப் பையனின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது. பழைய ஹப்பையே வைத்துக்கொள்வதானால் ரிம்மின் துளை எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டும். முழுச் சக்கரம் வாங்கினால் பின்புற இடைவெளியை அளந்து பாருங்கள். 130, 135 மில்லிமீட்டர் என இரு அளவுகள் பரவலாக உள்ளன.

முன் ஃபோர்க்: ஸ்பிரிங் வைத்த மலிவு ஃபோர்க் 2 கிலோவுக்கு மேல் இருக்கும். சாதாரண ஃபோர்க் போட்டால் சுமார் 1 கிலோ குறையும். உயரமும் மேல் குழாயின் அளவும் பழையதைப் போலவே இருக்க வேண்டும்.

சீட் பைப்: அலுமினியத்தில் கிடைக்கும். குழாயில் 27.2 என்பதுபோல் அளவு பொறித்திருக்கும். 0.2 மில்லிமீட்டர் குறைந்தாலும் ஆடும்.

பிரேக்: பழைய கான்டிலீவரை எடுத்துவிட்டு வி-பிரேக் போட்டால் கைப்பிடியையும் அதற்குரியதாக மாற்ற வேண்டும். இரண்டும் கேபிளை இழுக்கும் தூரம் வேறு.

சுமை ஏற்றும் வண்டியில் செய்யக்கூடாதவையும் உண்டு. ஸ்போக்ஸ் கம்பி குறைந்த பந்தயச் சக்கரம் வேண்டாம்; பின்சக்கரத்தில் 36 கம்பி இருப்பது நல்லது. கார்பன் பாகங்களும் வேண்டாம். எடைக்காகக் கேரியரையும் ஸ்டாண்டையும் கழற்ற வேண்டாம். ஃபிரேமின் பற்றவைப்பில் விரிசல் தெரிந்தால் ஒரு ரூபாய்கூடச் செலவிடாதீர்கள்.

சைக்கிளுக்கும் உதிரிபாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பில்லில் வரியைச் சரிபார்த்து வாங்குங்கள்.

பாகங்களின் விலை புதிய சைக்கிளின் விலையில் பாதியைத் தாண்டினால் புதியது வாங்குவதே மேல். எதையும் வாங்கும் முன் டயரில் சரியான காற்று, செயினுக்கு எண்ணெய், பால்ரஸுக்குக் கிரீஸ் ஆகியவற்றைக் கவனியுங்கள். வண்டி கனக்கிறது என்ற புகார் பாதிக்கு மேல் இதிலேயே தீர்ந்துவிடும்.