முப்பதாவது நாளின் கணக்கு

வரவு, செலவு, சொத்து, கடன் ஆகியவற்றை ஏடுகளில் எவ்வாறு காட்ட வேண்டும் என்று வகுக்கும் விதிகளே கணக்கியல் தரநிலைகள். உலகத் தரநிலைகளை ஒட்டி 2015-இல் இந்தியாவில் அறிவிக்கப்பட்ட ‘இன்ட் ஏஎஸ்’ தரநிலைகள், சென்னைப் பகுதியின் கீழ்க்கட்டளையிலும் பல்லாவரத்திலும் தொழில் நடத்தும் லேத் பட்டறைக்காரரின் ஏட்டுக்கோ லோடு வண்டிக்காரரின் ஏட்டுக்கோ பொருந்துவதில்லை. ஆனால் அவர்களுக்குக் கடன் கொடுத்த நிறுவனத்தின் ஏட்டுக்குப் பொருந்தும்போது, வாங்கியவரின் கணக்கில் ஒரு வரிகூட மாறாமலே அவரது கடனின் நிலை மாறிவிடுகிறது.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சுந்தரம் ஃபைனான்ஸ், சோழமண்டலம் போன்ற பெரிய நிதி நிறுவனங்கள் 2018 ஏப்ரல் 1 முதல் இத்தரநிலைகளுக்கு மாறின. பழைய முறையில், தவணை தவறி வாராக்கடன் ஆன பிறகே பெருந்தொகை ஒதுக்கீடாக, அதாவது வரக்கூடிய இழப்புக்கென இலாபத்திலிருந்து எடுத்துவைக்கும் தொகையாக, காட்டப்பட்டது. புதிய முறையோ இழப்பை முன்கூட்டியே மதிப்பிடச் சொல்கிறது. ஒழுங்காகக் கட்டப்படும் கடனுக்கு அடுத்த 12 மாதங்களில் நேரக்கூடிய இழப்பைக் கணக்கிட்டால் போதும். தவணை 30 நாள் கடந்துவிட்டால், மாற்றுச் சான்று இல்லாதவரை, அக்கடன் இரண்டாம் நிலைக்கு நகர்ந்து, அதன் எஞ்சிய ஆயுள் முழுமைக்குமான இழப்பு கணக்கில் ஏற வேண்டியதாகிறது.

இதன் கனத்தை ஓர் உதாரணத்தால் உணரலாம். இன்னும் பழைய முறையிலேயே இருக்கும் வங்கி சிறுதொழிலுக்குக் கொடுத்து, ஒழுங்காகக் கட்டப்பட்டுவரும் 10 லட்சம் ரூபாய்க் கடனுக்கு இப்போதைய விதிப்படி 0.25 சதவீதம், அதாவது 2,500 ரூபாய் ஒதுக்கினால் போதும். அதே கடன் இரண்டாம் நிலைக்கு நகர்ந்து, அது தவறுவதற்குப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பும், தவறினால் பாதித் தொகை போய்விடும் என்ற மதிப்பீடும் இருந்தால், புதிய கணக்கில் அது 50,000 ரூபாயாகிறது. இந்தச் சுமை அடுத்த கடனின் வட்டியிலோ, கேட்கப்படும் பிணையிலோ, விண்ணப்பத்தை மறுப்பதிலோ வெளிப்படக்கூடும்.

சரக்கை வாங்கிய பெரிய நிறுவனம் பணத்தை இழுத்தடித்ததால் தவணை தாமதித்தவரும், கட்ட மனமில்லாதவரும் நாள்கணக்கில் ஒன்றாகவே தெரிகிறார்கள் என்பதுதான் இம்முறையின் வேதனையான பகுதி. ஆயினும் தரநிலை அங்கு கதவை அடைத்துவிடவில்லை. 2020-இல் கொரோனாவுக்காகத் தவணை ஒத்திவைக்கப்பட்டபோது, ஒத்திவைப்பு மட்டுமே இடர் கூடியதற்குச் சான்றாகாது என்று சர்வதேசக் கணக்கியல் தரநிலைகள் வாரியம் தெளிவுபடுத்தியது. தொண்ணூறு நாளில் வாராக்கடன் என்பதைத் தொழில் செய்வோர் பலரும் அறிவார்கள். முப்பதாவது நாளின் பொருளை அவர்களிடம் முன்கூட்டியே சொல்வது கடன் கொடுப்போரின் கடமை.

வங்கிகளுக்கான மாற்றத்தை 2019 மார்ச்சில் காலவரையின்றித் தள்ளிவைத்த ரிசர்வ் வங்கி, எதிர்பார்க்கப்படும் இழப்பைக் கணக்கிடும் முறையை 2027 ஏப்ரல் 1 முதல் கொண்டுவர 2025 அக்டோபரில் வரைவு வெளியிட்டது. நிதி நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே சந்தித்த கணக்கு அப்போது வங்கிக் கடன்காரர்களுக்கும் வரும் என்பதால், வரவேண்டிய பாக்கிகளின் பட்டியலையும் ஜிஎஸ்டி படிவங்களையும் எடுத்துக்கொண்டு தாமதத்தின் காரணத்தை அந்த 30 நாளுக்குள்ளேயே கிளை மேலாளரிடம் எழுத்தில் பதிவுசெய்வது, பட்டறை உரிமையாளர் தன் பக்கத்துக்குச் சேர்த்துக்கொள்ளக்கூடிய சான்றாகும்.