எனர்ஜி டிரிங்க் வாங்கும் முன் கேனைத் திருப்பிப் பாருங்கள்

காஃபீன் நீலகிரிக்குப் புதுசு இல்லை. இந்த மலையே தேயிலையை நம்பித்தான் பிழைக்கிறது. ஒரு சிறிய கப் டீயில் சுமார் 30 முதல் 50 மில்லிகிராம் காஃபீன் இருக்கும். ஆனால் ஊட்டி, குன்னூர் கடைகளில் குளிர்பானங்களோடு அடுக்கியிருக்கும் ‘எனர்ஜி டிரிங்க்’கை, இதுவும் ஒரு கலர்தானே என்று பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். சிக்கல் அங்கேதான்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணைய விதிப்படி, இவ்வகை பானங்களில் லிட்டருக்கு 145 முதல் 300 மி.கி. வரை காஃபீன் இருக்கலாம். அதற்கு மேல் கூடாது. ‘ஹை காஃபீன்’ என்று லேபிளில் அச்சிட வேண்டும். குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், காஃபீன் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆகியோருக்கு உகந்ததல்ல, நாளொன்றுக்கு 500 மி.லி.க்கு மேல் குடிக்கக் கூடாது என்ற எச்சரிக்கைகளும் கட்டாயம். ஆனால் இவை ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாலே போதும், தமிழ் கட்டாயமில்லை. தோட்டத்து லயத்தில் இருக்கும் ஒரு தாய்க்கு அந்தப் பொடி எழுத்து என்ன சொல்லும்? படித்த பிள்ளைகள் வீட்டில் வாசித்துச் சொன்னால் நல்லது.

கணக்கு எளிதுதான். 100 மி.லி.க்கு 30 மி.கி. என்றிருந்தால், 250 மி.லி. கேனில் 75 மி.கி. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400, கர்ப்பிணிகளுக்கு 200 மி.கி. வரை பாதுகாப்பானது என்கிறது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம். நாலைந்து டீ குடிக்கும் கர்ப்பிணி அந்த அளவை ஏற்கெனவே நெருங்கியிருப்பார்.

இரவெல்லாம் வண்டி ஓட்டி வந்து, கேனைக் குடித்துவிட்டு மேட்டுப்பாளையத்தில் மலையேறுபவர்களும் கவனிக்க வேண்டும். காஃபீன் தூக்கத்தைத் தள்ளிப்போடுமே தவிர, தூங்காத உடம்பைச் சரிசெய்யாது. அடிவாரத்திலேயே வண்டியை ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் தூங்கிவிட்டு ஏறுங்கள். மதுவோடு கலந்து குடிக்கவே கூடாது. போதை ஏறியதே தெரியாமல் போய்விடும்.

எச்சரிக்கை வாசகமோ, 14 இலக்க உரிம எண்ணோ, காலாவதி தேதியோ இல்லாத கேனை வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் ரசீதைப் பத்திரப்படுத்தி, லேபிளைப் படமெடுத்து, தமிழ்நாடு உணவு பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் புகார் அனுப்பலாம். கடையின் பெயரையும் இடத்தையும் குறிப்பிட மறக்காதீர்கள்.