பூனைக்குட்டி வருமுன்

தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில், மரக்கறி லொறிகளுக்கிடையே கத்தும் பூனைக்குட்டியைக் கண்டால் உடனே தூக்கிவரத் தோன்றும். அதற்குமுன் உம்மாவின் சம்மதத்தைக் கேளுங்கள். நாலு நாள் வளர்த்துவிட்டு மறுபடி தெருவில் விடுவது, தூக்காமல் வருவதைவிடக் கொடுமை.

முதலில் ஓர் அறையே போதும். ஒரு மூலையில் பழைய துணி விரித்த பெட்டியும் தண்ணீரும், எதிர்மூலையில் மணல் நிரப்பிய தட்டும் வையுங்கள்; உண்ணுமிடத்தருகே பூனை மலங்கழிக்க விரும்பாது. கட்டிலுக்கடியில் ஒளிந்தால் இழுத்தெடுக்க வேண்டாம், பசித்தால் தானே வரும். பசுப்பால் பெரும்பாலும் வயிற்றுப்போக்கையே தரும். பல் முளைத்த குட்டிக்கு அவித்த மீனை முள் நீக்கிக் கொடுக்கலாம். பால்குடி மறவாததென்றால் மிருக வைத்தியரிடம் கேட்டு, அதற்கான பால்மா வாங்க வேண்டும்.

மேசையில் கிடக்கும் பனடோலை முதலில் அலுமாரியில் பூட்டுங்கள். குட்டிக்குக் காய்ச்சலென்று அன்போடு ஊட்டுபவர்களும் உண்டு! அந்த மருந்தை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாது. ஒரு வில்லையே கொன்றுவிடும்.

விசர்நோய் நாய்க்கு மட்டும் உரியதன்று, பூனையாலும் தொற்றும். தடுப்பூசியை எப்போது போடுவதென முதல் வாரத்திலேயே மிருக வைத்தியரிடம் கேளுங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏச்சு விழுமென்று பயந்து வீட்டில் மறைக்காதீர்கள்.