மரம் தூக்கும் எண்ணெய்

பின்லாந்தின் நிலத்தில் நான்கில் மூன்று பங்கு காடு. அதில் பாதிக்கும் மேல் தனிக் குடும்பங்களுக்குச் சொந்தமானது. நமக்குத் தாத்தா வைத்த தென்னந்தோப்பு இருப்பதுபோல, அவர்களுக்குத் தாத்தா விட்டுப்போன பைன் காடும் ஸ்ப்ரூஸ் காடும். குளிர்காலத்தில் சதுப்பு நிலம் உறைந்து இறுகியதும், கோடையில் வயல் உழுத அதே டிராக்டரை ஓட்டிக்கொண்டு மரம் எடுக்கப் போகிறவர்கள் உண்டு. டிராக்டரின் முதுகிலோ டிரெய்லரின் முகப்பிலோ ஒரு கிரேன் மடங்கிக் கிடக்கும். அதன் நுனியில் நண்டுக் கொடுக்குபோல ஒரு கவ்வி. பனியில் புதைந்திருக்கும் 300 கிலோ மரத்துண்டை அது கவ்வித் தூக்கி, அரைவட்டம் சுற்றி, டிரெய்லரில் பூப்போல வைக்கும்.

இத்தனையையும் செய்வது எண்ணெய். அந்த எண்ணெயைத் தள்ளுவது ஒரு பம்பு. கிரேன் வாங்குகிறவர் மிக அதிகமாக யோசிக்க வேண்டியது இந்தப் பம்பைப் பற்றித்தான் என்பேன். கிரேனின் நீளம் கண்ணுக்குத் தெரியும். பம்பு எங்கோ மறைவில் இருக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6 மீட்டர் நீட்டிய கையின் நுனியில் 300 கிலோ மரம். கையைத் தூக்கும் சிலிண்டரோ மூட்டிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று உந்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நுனியிலுள்ள ஒவ்வொரு கிலோவுக்கும் சிலிண்டர் 20 கிலோ விசை கொடுத்தாக வேண்டும். 300 கிலோ மரம் சிலிண்டருக்கு 6 டன்! கிரேன் கையின் சொந்த எடை தனி. அந்தச் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனோ ஒரு சொம்பின் வாயளவு, 80 மில்லிமீட்டர் விட்டம். அதன்மேல் எண்ணெய் 200 பார் அழுத்தத்தில் நின்றால் சுமார் 10 டன் விசை கிடைக்கும். 200 பார் என்பது கடலில் 2 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தம். அடைபட்ட திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எங்கும் ஒரேபோலப் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட விதியை வைத்து, 1795இல் இங்கிலாந்தின் ஜோசப் பிரமா நீரழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். காட்டில் மரம் தூக்குவது அதே விதிதான்.

இந்த 200 பாரைப் பம்புதான் உண்டாக்குகிறது என்று நாம் நினைப்போம். உண்மை வேறு. இந்த வேலைக்கு அதிகம் பயன்படும் கியர் பம்பைப் பிரித்துப் பார்த்தால், உள்ளங்கை அகலக் கூட்டுக்குள் இரண்டு பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று கோத்துச் சுழல்வது தெரியும். எண்ணெய் அந்தப் பற்கள் கோக்கும் நடுவழியாகப் போவதில்லை. பற்களின் இடைவெளிகளில் உட்கார்ந்துகொண்டு, சுவரோரமாகச் சுற்றி மறுபக்கம் வந்து சேர்கிறது. நடுவில் பற்கள் அடைத்துக்கொள்வதால் திரும்பிப் போக வழியில்லை. ஒரு சுற்றுக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று அளந்து தள்ளுவதோடு அதன் வேலை முடிந்தது. முன்னால் தடை இல்லையென்றால் அழுத்தமும் இல்லை. மரத்தின் எடை சிலிண்டரை அமுக்க, அந்த அமுக்கம்தான் எண்ணெய் வழியாகப் பம்புவரை வந்து நிற்கிறது. அழுத்தத்தைக் கொடுப்பது மரம். பம்பு அதைத் தாங்கிக்கொண்டு ஓட்டத்தைக் கொடுக்கிறது.

இது புரிந்துவிட்டால் தேர்வு எளிது. எவ்வளவு தூக்கும் என்பது அழுத்தத்தையும் சிலிண்டரையும் பொறுத்தது. எவ்வளவு வேகமாகத் தூக்கும் என்பது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வருகிறது என்பதைப் பொறுத்தது. 60 லிட்டர் வந்தால் மேலே சொன்ன பிஸ்டன் நொடிக்கு 20 சென்டிமீட்டர் நகரும். 30 லிட்டர் வந்தால் 10 சென்டிமீட்டர்தான். கையைத் தூக்கிக்கொண்டே சுழற்றவும் வேண்டுமென்றால் அந்த எண்ணெயைப் பங்குபோட வேண்டும். எண்ணெய் எப்போதும் தடை குறைந்த வழியைத் தேடும். போதாத பம்பில், பாரமில்லாத அசைவு முந்திக்கொள்ள, மரம் தூக்கும் அசைவு பாதியில் நிற்கும்.

அதற்காகப் பெரிய பம்பாகப் பார்த்து வாங்கிவிடவும் முடியாது. 200 பாரில் 60 லிட்டர் என்றால் 20 கிலோவாட், கிட்டத்தட்ட 27 குதிரைத்திறன். 30 குதிரைத்திறன் டிராக்டர் மூச்சுத் திணறும்.

கிரேனுக்கு எண்ணெய் தர இருக்கும் வழிகள் மூன்று. டிராக்டரின் சொந்தப் பம்பிலிருந்தே எண்ணெய் எடுக்கலாம், செலவு குறைவு. ஆனால் பல டிராக்டர்களில் கியர்பாக்ஸும் ஹைட்ராலிக்கும் ஒரே எண்ணெயில் ஓடுகின்றன. கிரேனில் சேரும் அழுக்கு கியர்பாக்ஸுக்கும் போகும். பழைய சிறிய டிராக்டரில் ஓட்டமும் போதாது.

இரண்டாவது, டிராக்டரின் பின்னால் எஞ்சின் சுழற்றும் பி.டி.ஓ. தண்டில் தனிப் பம்பு, அதற்கென்று தனி டேங்க். பி.டி.ஓ. வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்றுதான் சுற்றும். அதில் 60 லிட்டர் எடுக்கச் சுற்றுக்கு 111 மில்லிலிட்டர் தள்ளும் பெரிய பம்பு வேண்டும். நடுவில் மூன்று மடங்கு வேகம் கூட்டும் சிறு கியர்பாக்ஸை வைத்தால் 37 மில்லிலிட்டர் பம்பே போதும்.

மூன்றாவது, புதிய டிராக்டர்களில் வரும் லோடு சென்சிங் பிஸ்டன் பம்பு. அதற்குள் ஒரு சாய்தட்டு. கிரேனிலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞைக் குழாய் ‘இவ்வளவு வேண்டும்’ என்று சொல்ல, தட்டு அதற்கேற்பச் சாயும். வேலை இல்லாதபோது தட்டு நிமிர்ந்துகொள்ளும். எண்ணெய் கிட்டத்தட்ட நகராது. மனிதர் செய்த எந்திரங்களில் எனக்கு மிகப் பிடித்தவற்றில் இது ஒன்று. எண்ணெயைப் பிரித்துவிடும் கிரேன் வால்வும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். பொருந்தாத வால்வை மாட்டினால் பம்பு ஓய்வறியாமல் தள்ளும், அத்தனையும் சூடாகும்.

எண்ணெய் 200 பாரிலிருந்து வேலை எதுவும் செய்யாமல், அழுத்தம் எல்லை மீறும்போது திறக்கும் ரிலீஃப் வால்வு வழியே வழிந்தால், ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 12 டிகிரி சூடேறும். நாள் முழுக்க அப்படி ஓடினால் சீல்கள் கெட்டுப்போகும். இதற்கு நேர்மாறான ஆபத்து விடியற்காலையில். மைனஸ் 20 டிகிரியில் எண்ணெய் தேன்போல இறுகிக் கிடக்கும். பம்பு எண்ணெயை உறிஞ்சுவதாகச் சொல்கிறோம். உண்மையில் வளிமண்டலம்தான் அதைப் பம்புக்குள் தள்ளுகிறது. அதனிடம் இருப்பது ஒரே ஒரு பார். டேங்கிலிருந்து வரும் குழாய் ஒடுங்கியிருந்தால் பம்புக்குள் குமிழ்கள் உண்டாகி, உடைந்து, இரும்பையே அரித்துவிடும். ஆகவே அந்தக் குழாய் அகலமாக, குட்டையாக இருக்க வேண்டும். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, எண்ணெய் இளகியபின் வேலையைத் தொடங்க வேண்டும்.

 

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். லோடு சென்சிங் உள்ள புதிய டிராக்டரென்றால் அதன் பம்பையே, பொருத்தமான வால்வுடன் பயன்படுத்துங்கள். பழைய டிராக்டரென்றால் பி.டி.ஓ. பம்பும் தனி டேங்கும். எதுவானாலும், எண்ணெய்க் குழாயில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசிமுனை ஓட்டையிலிருந்து 200 பாரில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், கையையே இழக்க நேரலாம். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். தப்பித்தவறிக் கையில் பட்டுவிட்டால், வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.