வீட்டுக் கொல்லையில் ஒரு குட்டி ஏரி!

பெங்களூரு சிட்டி ரெயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே மெஜஸ்டிக் பஸ் நிலையம். ஊருக்குப் போகும் பயணிகள் அங்கே மூட்டை முடிச்சுகளோடு நிற்கிறார்கள். அந்த இடம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கண்டீரவா விளையாட்டு அரங்கம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரி. தமிழர்கள் நிறைய வாழும் அல்சூரில் ஏரி இன்னும் தப்பிப் பிழைத்து நிற்கிறது.

ஏரி போனால் தவளை போகும். தட்டான் போகும். போன ஏரியைத் திரும்பக் கொண்டு வர நம்மால் ஆகாது. ஆனால் கொல்லையில் இரண்டு கட்டில் போடும் அளவுக்கு இடம் இருந்தால், ஒரு குட்டை வெட்டலாம். வெட்டிப் பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கோடையில் தோண்டினேன்

2024-ம் ஆண்டு மார்ச் மாதம். பெங்களூருவில் கடும் தண்ணீர்ப் பஞ்சம். குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்திருந்தது. அந்த நேரம் பார்த்து நான் மண்வெட்டியை எடுத்தேன்.

"குடிக்கவே தண்ணி இல்லை. இவருக்குக் குளம் வேணுமாம்!" என்று என் மனைவி சிரித்தாள்.

வெட்டுவது கோடையில், நிரப்புவது மழையில். அதுதான் என் கணக்கு. டூட்டி முடிந்து வந்து தினம் ஒரு மணி நேரம் தோண்டினேன். 8 அடி நீளம், 5 அடி அகலம். நடுவில் 2 அடி ஆழம். ஒரு பக்கம் மட்டும் சரிவாக விட்டேன். இது மிக முக்கியம். தவளையும் அணிலும் தவறி விழுந்தால் ஏறி வர வழி வேண்டும்.

இடம் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. நாலைந்து மணி நேரம் வெயில் பட வேண்டும். பெரிய மரத்தின் அடியில் வெட்டினால் இலை விழுந்து அழுகும். வீட்டு அஸ்திவாரத்துக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் அருகே கூடவே கூடாது.

குழியில் இருந்த கூரான கற்களைப் பொறுக்கி எறிந்து விட்டு, இரண்டு அங்குலம் மணல் பரப்பி, பழைய சாக்குகளை விரித்து, அதன் மேல் கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டேன். விரிப்பின் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. குழியின் நீளத்தோடு ஆழத்தைப் போல் இரு மடங்கைக் கூட்டி, ஓரத்துக்கு மேலும் 2 அடி சேர்க்க வேண்டும். அகலத்துக்கும் அப்படியே. என் குழிக்கு 14 அடிக்கு 11 அடி தேவைப்பட்டது. ஓரத்தைக் கற்களால் அழுத்தி மூடினேன்.

ஜூன் 2-ந் தேதி பெங்களூருவில் பெய்த மழை 111 மில்லி மீட்டர். மொட்டை மாடித் தண்ணீரைக் குழாய் வழியாகத் திருப்பி விட்டிருந்தேன். ஒரே இரவில் குட்டை நிரம்பி விட்டது!

என்ன செடி வைக்கலாம்?

நடுவில் அல்லி. அதை எரு போடாத களிமண்ணில் தொட்டியோடு நட்டு, மேலே மணல் தூவி இறக்க வேண்டும். எரு போட்டால் தண்ணீர் பச்சையாகி நாறும். ஓரத்து ஈரத்தில் வல்லாரை, நீர்ப்பிரமி, வசம்பு, கோரை. நீருக்குள் வேலம்பாசி. நீர்ப்பரப்பில் பாதியை இலைகள் மூடினால் போதும்.

ஆகாயத் தாமரையை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த களை அது. ஏரிகளை மூடிப் பாழாக்குவது அதுதான்.

முதல் மாதம் தண்ணீர் பச்சையாகத்தான் இருக்கும். பயந்து இறைத்துக் கொட்டி விடக் கூடாது. செடிகள் வேர் பிடித்ததும் தானே தெளியும்.

கொசு வராதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. எங்கள் வீட்டிலும் அதனால்தான் சண்டை வந்தது. அந்த ஜூன், ஜூலையில் கர்நாடகத்தில் டெங்கு பரவியது. செப்டம்பரில் அரசே அதைக் கொள்ளை நோயாக அறிவித்தது. எங்கள் தெருவில் ஒரு பையன் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

"ஏங்க, பிள்ளை இருக்கிற வீடு. மண்ணைப் போட்டு மூடிடுங்க" என்றாள் மனைவி. அவள் சொன்னதில் தப்பு இல்லை. புதுக் குட்டையில் முதல் இரண்டு வாரம் கொசுப் புழுக்கள் நெளிந்தது உண்மை. டீ வடிகட்டியால் அள்ளி அள்ளித் தரையில் கொட்டினேன். பிறகு தலையில் வெள்ளிப் பொட்டு போல் புள்ளி உள்ள சிறிய நாட்டு மீன்கள் ஆறு கொண்டு வந்து விட்டேன். கப்பி, கம்பூசியா போன்ற வெளிநாட்டு மீன்களை விடவில்லை. அவை வெள்ளத்தில் ஏரிக்குப் போனால் நாட்டு மீன்களுக்குக் கேடு.

அதற்குள் தட்டான்களும் வந்து முட்டையிட்டன. தட்டானின் குஞ்சு நீருக்குள்தான் வளரும். கொசுப் புழுதான் அதற்குத் தீனி.

ஜூலையில் ஒரு காலை, சுகாதாரப் பணியாளரான அம்மா ஒருவர் சோதனைக்கு வந்தார். குட்டையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கரண்டியால் பத்து இடத்தில் மொண்டு பார்த்தார். ஒரு புழு கூட இல்லை. பிறகு வீட்டுக்குள் போய்க் குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் தண்ணீர் சேரும் தட்டை இழுத்தார். அதில் புழுக்கள் நெளிந்தன!

"உயிர் உள்ள தண்ணியை விட, மறந்து போன தண்ணிதான் ஆபத்து" என்றார் அவர். என் மனைவி பேசாமல் தட்டைக் கழுவினாள். மறுநாள் முதல் வாரம் ஒரு முறை தட்டு, பூந்தொட்டித் தட்டு, மாடியில் கிடக்கும் டப்பா எல்லாவற்றையும் கவிழ்ப்பது அவள் வேலையாகி விட்டது. குட்டையை வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு பார்ப்பது என் வேலை.

சின்னப் பிள்ளைகள் இருப்பவர்கள் குட்டையின் மேல் உறுதியான கம்பி வலை போட வேண்டும். நாங்களும் போட்டிருக்கிறோம். அருகில் பூச்சி மருந்து தெளிக்கவே கூடாது.

ஆகஸ்டில் ஒரு மழை இரவு. கொல்லையில் தவளைச் சத்தம். பக்கத்து வீட்டுக் கன்னடப் பாட்டி கதவைத் திறந்து, "கப்பே! எத்தனை வருஷமாச்சு கேட்டு!" என்றார். குட்டையை மூடச் சொல்லி முதலில் குரல் கொடுத்தவரே அவர்தான்.