களைப்பு வரும் முன்னே ஓய்வு

சென்ற வாரம் லூபஸ் நோயாளிகளின் மூட்டுவலியைப் பார்த்தோம். வலி வந்தால் உடனே தெரிந்துவிடும். இந்த வாரத் தொல்லை தாமதித்து வருவது; அதனாலேயே ஊரார் நம்ப மறுப்பது.

மையால்ஜிக் என்செஃபலோமைலைட்டிஸ், சுருக்கமாக எம்.இ. இந்நோய் உள்ள ஒருவர் விசேஷ வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறார். அன்றிரவு நன்றாகவே இருக்கிறார். மறுநாளோ அதற்கடுத்த நாளோ தலை தூக்க முடியவில்லை. கைகால் கனக்கிறது, வெளிச்சமும் சத்தமும் தாங்கவில்லை, தெரிந்த பெயர்கூட நினைவுக்கு வர மறுக்கிறது. தூங்கி எழுந்தாலும் தெளிச்சி இல்லை. சில நாளில் சரியாகலாம். சில வாரமும் ஆகலாம். பெரும்பாலும் ஏதாவது ஒரு தொற்றுக்குப் பின் தொடங்கும் நோய் இது. கோவிட்டிலிருந்து மீண்ட பிறகும் உடம்பு தேறாதவர்களில் பலருக்கு இதே சரிவு இருக்கிறது.

‘படுத்தே கிடப்பதால் உடம்புக்குப் பழக்கம் விட்டுப்போச்சு’ என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். கலிஃபோர்னியாவின் ஒர்க்வெல் அமைப்பைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். நோயாளியைச் சைக்கிள் மிதிக்க வைத்து, மூச்சில் எடுக்கும் ஆக்சிஜனை அளந்தார்கள். மறுநாளே மறுபடியும் அதே சோதனை. உடற்பயிற்சி வழக்கமே இல்லாத ஆரோக்கியமானவர்கள் இரண்டு நாளும் ஏறக்குறைய ஒரே மாதிரி மிதித்தார்கள். எம்.இ. நோயாளிகளோ இரண்டாம் நாள் சறுக்கினார்கள். முந்தின நாளைவிடக் குறைந்த உழைப்பிலேயே அவர்கள் உடல் திணறியது. முதல் நாளோடு நிறுத்தியிருந்தால் இது பிடிபட்டிருக்காது. இந்தச் சோதனையே நோயாளியைப் பல நாள் படுக்கவைத்துவிடக்கூடும். தெரிந்தே அதற்கு உடன்பட்டவர்களால்தான் இந்தச் சான்று கிடைத்தது.

ஆனாலும் மருத்துவ உலகம் எளிதில் மனம் மாறவில்லை. பிரிட்டனில் 641 பேரை வைத்து நடந்த ‘பேஸ்’ ஆய்வு 2011-ல் லான்செட் இதழில் வந்தது. உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டினால் பலன் உண்டு என்றது அது. நோயாளிகள் விடவில்லை. அவர்களில் ஒருவர் கேட்ட ஆய்வுத் தரவை வெளியிடும்படி 2016-ல் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ஆய்வுக்குழு முதலில் வகுத்திருந்த அளவுகோலை வைத்து மறுபடி கணக்கிட்டபோது, குணமானதாகச் சொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கை வெகுவாகச் சுருங்கியது. கடைசியில் 2021 அக்டோபரில்தான், மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு அந்தப் பயிற்சிமுறையை இந்நோய்க்கு அளிக்க வேண்டாம் என்றது. பத்து ஆண்டுகள்! அந்தப் பயிற்சியால் நோய் முற்றியதாகச் சொன்ன நோயாளிகள் ஏராளம்.

பயிற்சிக்குப் பதிலாக நைஸ் சொல்வது, இருக்கும் சக்தியின் எல்லைக்குள் அன்றாடத்தை அமைத்துக்கொள்வதை. எழுதுவதற்கு எளிது, வாழ்வதற்கு மிகக் கடினம். களைத்த பிறகு ஓய்வெடுத்துப் பயனில்லை, களைக்கும் முன்பே எடுக்க வேண்டும். குளித்தால் அன்று சமையல் இல்லை. காய் நறுக்குவது உட்கார்ந்துதான். அதுவும் பாதியில் நிறுத்திப் படுத்து எழுந்த பிறகே மீதி. சிலர் நாடித்துடிப்பு காட்டும் கைக்கடிகாரம் கட்டிக்கொள்கிறார்கள். ஓய்வுநிலைத் துடிப்பைவிடச் சுமார் 15 கூடினாலே கையில் இருப்பதை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். இவர்களுக்கு ஆபத்தானது உடம்பு நன்றாக இருக்கும் நாள்தான். தேங்கிய வேலையெல்லாம் அன்று கண்ணில் படும். எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்தால் மறுபடி படுக்கைதான்.

இப்படிக் கணக்குப் பார்த்தே நூல் எழுதியவரும் உண்டு. எழுத்தாளர் லாரா ஹில்லன்பிராண்ட் 1987-ல் கல்லூரி மாணவியாக இருந்தபோது இந்நோயில் விழுந்தவர். ‘சீபிஸ்கட்’ நூலை அவர் இந்நோயோடுதான் எழுதினார். தலைசுற்றல் மிகுந்த நாட்களில் படுத்து, கண்ணை மூடிக்கொண்டே எழுதினார். மாடிப்படி ஏறி இறங்கும் சிரமத்தை மிச்சப்படுத்த, சாப்பாட்டுப் பொருள்களையும் தண்ணீரையும் எழுதும் அறைக்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டார். 2001-ல் வெளிவந்த அந்த நூல் பெரும் வெற்றி பெற்றது. 2010-ல் வந்த ‘அன்ப்ரோக்கன்’ நூலுக்காக, அதன் நாயகர் லூயி ஸாம்பெரினியோடு அவர் தொலைபேசியிலேயே பேசிப் பேசித் தகவல் திரட்டினார்.

இப்படிக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கவாவது அவரிடம் சிறிது சக்தி இருந்தது. இந்நோயாளிகளில் குறைந்தது நாலில் ஒருவர் ஏதோ ஒரு கட்டத்தில் வீட்டுக்குள்ளோ படுக்கையிலோ முடங்குவதாக 2015-ல் வெளியான அமெரிக்க மருத்துவக் கழக அறிக்கை சொல்கிறது. அவர்களில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பல் துலக்குவதே எல்லை மீறிய உழைப்பு. அவர்களையும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாரையும் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)