விரல் ஏன் வெளிறுகிறது?

மார்கழி வாடை மட்டக்களப்பு வாவியைக் கடந்து வீசும்போது, பிள்ளையின் விரல்கள் வெளிறி, நீலமாகி, பின் சிவக்கின்றனவா? அது ‘ரேனோ’ நிலையாக இருக்கலாம்; பிள்ளை எடுக்கும் மருந்தும் அதற்கு ஒரு காரணமாகலாம்.

கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாட்டுக்குத் தரப்படும் மெதில்ஃபெனிடேட், டோபமைனும் நோர்அட்ரினலினும் நரம்பு முனைகளுக்குள் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. மூளையில் இதனால் கவனம் கூடுகிறது. ஆனால் நோர்அட்ரினலின் விரல்களின் இரத்தக் குழாய்களையும் சுருக்கும். அதனால் சிலருக்கு ரேனோ வருவதாகக் கருதப்படுகிறது.

லூபஸ், ஸ்கிளெரோடெர்மா போன்ற, நிர்ப்பீடனம் தன் உடலையே தாக்கும் நோய்களிலும் இதே அறிகுறி உண்டு. அறிகுறி ஒன்றானாலும் காரணம் வேறு. மருந்துதான் அந்நோய்களை உண்டாக்குகிறது என்று நிறுவப்படவில்லை. 2017இல் வெளியான டென்மார்க் ஆய்வொன்று, அத்தகைய நோயுள்ளவர்களிடையே கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு சற்றுக் கூடுதலாக இருப்பதைக் கண்டது. எனவே இரண்டுக்குமிடையிலான தொடர்பு மருந்துக்கு முன்பே தொடங்கியிருக்கலாம்.

மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். வெளிறிய விரலைப் படமெடுத்து வைத்தியரிடம் காட்டுங்கள். விரலில் புண், மூட்டுவலி, தோல் இறுக்கம் இருந்தால் தாமதிக்க வேண்டாம்.